0.2 மி.மீ. விரிசல், 60 மீட்டர் மலை: ஊற்றுத் தண்ணியோட வெப்பக் கணக்கு எங்கே தப்புது?

கோத்தகிரி ஊத்து · நவம்பர் 18, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குக் கீழே, சுமார் 1,800 மீட்டர் உயரத்துல எங்க ஊர். ஊரே குடிக்கிறது ஒரே ஊற்றுத் தண்ணிதான். தேயிலைத் தோட்டத்துக்கு மேல, சுவர் மாதிரி நிக்கிற பாறையில படுக்கைவாட்டுல ஒரு வெடிப்பு இருக்கு. ஆறு மீட்டர் நீளத்துக்கு அதுல இருந்து கசிஞ்சு கல்தொட்டியில விழும். சாதாரண நாள்ல 15 லிட்டர் பக்கெட் நிறைய ரெண்டு நிமிஷம் ஆகும்.

சில வருஷம் முன்னாடி ஒரு நிறுவனத்துக்காரங்க வந்து பார்த்துட்டு, "இது ஆழத்துப் பாறைத் தண்ணி, மேல இருக்கிற அழுக்கு எதுவும் இதுல சேராது"ன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. அது எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருந்தது. அதனால தொட்டி வாயில ஒரு டெம்பரேச்சர் லாகர் கட்டி வச்சேன். 14 மாசமா பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு அளவு ஓடுது.

வருஷம் முழுக்க 17.4 டிகிரி, கூடினா 0.3, குறைஞ்சா 0.3. ஆனா வடகிழக்குப் பருவமழை பலமா அடிச்சா மட்டும் 16.8க்கு இறங்கி, ரெண்டு நாள்ல பழைய நிலைக்கு வருது. மழைத் தண்ணி ராத்திரியில 13.4 இருக்கும். தண்ணி வரத்து ஆறு மணி நேரத்துல மூணு மடங்கு ஆகுது.

இதை சிமுலேஷன்ல கொண்டு வரப் பார்த்தேன். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் ஆழம் உள்ள குறுக்குவெட்டு. நடுவுல விரிசல், 60 மீட்டருக்கு 6 மீட்டர் இறக்கம். விரிசல் அகலம் 0.2 மி.மீ.ன்னு வச்சேன். மெஷ் போட்டா, அதாவது குறுக்குவெட்டைச் சின்னச் சின்னத் துண்டா (எலிமென்ட்) பிரிச்சா, 40 லட்சம் எலிமென்ட் வந்து லேப்டாப் நின்னுடுது. அதனால விரிசலை 2 செ.மீ. பட்டையா வரைஞ்சு, ஊடுருவுதிறனை (தண்ணியை எவ்வளவு சுலபமா விடும்ங்கற எண்) மட்டும் 0.2 மி.மீ.க்கு உண்டானதா குடுத்தேன். இப்போ ஓடுது. ஒரே நாள்ல குளிர் 28 மீட்டர் உள்ள போகுது, மூணாம் நாள் ஊற்றுல 0.3 டிகிரி இறங்குது. அளந்ததுக்குக் கிட்டத்தட்ட வந்துட்டேன்னு நினைக்கிறேன். அகலத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினா சரியாகுமா?

கொடை கணக்கு · நவம்பர் 18, இரவு 10:25

கூட்டாதீங்க. கிட்ட வந்த மாதிரி தெரியறதே தப்பாலதான்.

ரெண்டு வழவழப்பான சுவருக்கு நடுவே தண்ணி ஓடினா ஊடுருவுதிறன் = அகலத்தின் வர்க்கம் ÷ 12. அகலத்தோட இன்னொரு தரம் பெருக்கினால்தான் மொத்த ஓட்டம் வரும், அதனாலதான் 'கன விதி'ன்னு பேர். நீங்க ஊடுருவுதிறனை 0.2 மி.மீ.க்கு வச்சுட்டு, அகலத்தை 100 மடங்கு ஆக்கிட்டீங்க. வேகம் அதேதான், ஆனா ஓடுற தண்ணி 100 மடங்கு. அது சுமக்கிற குளிரும் 100 மடங்கு.

கையால போட்டுப் பார்ப்போம். பத்துக்கு ஒண்ணு சரிவுல 0.2 மி.மீ. விரிசல்ல தண்ணி வினாடிக்குச் சுமார் 3 மி.மீ. போகும். 60 மீட்டரைத் தாண்ட அஞ்சரை மணி நேரம். ஆனா வெப்பம் அப்படிப் போகாது. ரெண்டு பக்கமும் இருக்கிற பாறை, தண்ணி கொண்டு வர்ற குளிரை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். 1955ல லாவெரியர் எண்ணெய்ப் படுகைக்குள்ள சூடான திரவம் செலுத்துறதுக்குக் குடுத்த தீர்வு இங்கேயும் பொருந்தும். ஒரு நீளம் கணக்குப் போடணும்:

தண்ணியோட கனஅளவு வெப்பக் கொள்ளளவு × அகலம் × வேகம் ÷ பாறையோட வெப்பக் கடத்துதிறன். இதை, பாறையோட வெப்பப் பரவுதிறனையும் நேரத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தால பெருக்குங்க.

அந்தத் தூரத்துல, நுழையற இடத்து மாற்றத்துல ஆறுல ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். காம்ப்ளிமென்டரி எரர் ஃபங்ஷன்ங்கற கணிதச் சார்புல 1 போட்டா 0.157 வருதே, அது.

தண்ணிக்கு ஒரு கனமீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 41.8 லட்சம் ஜூல், பாறைக்கு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 2.5 வாட், பரவுதிறன் வினாடிக்குப் பத்து லட்சத்துல ஒரு பங்கு சதுர மீட்டர். ஒரு நாளுக்கு வர்றது 29 செ.மீ. நீங்க பார்த்தது 28 மீட்டர். கிட்டத்தட்ட 100 மடங்கு.

தண்ணி ஒரு நாள்ல 250 மீட்டர் போற இடத்துல குளிர் ஒரு முழம்கூடப் போகலை. இந்த விஷயத்துல இதைத்தான் முதல்ல உள்ள வாங்கிக்கணும்.

ஊட்டி முதலாண்டு · நவம்பர் 18, இரவு 11:02

கொடை அண்ணா, அப்போ நுண்துளைப் பொருள்ல விரிசலை எப்படித்தான் வரையறது? உண்மையான அகலத்துல மெஷ் போட முடியாது, அகலத்தைக் கூட்டினா ஓட்டம் தப்புது. ஊடுருவுதிறனை 100 மடங்கு குறைச்சா சரியாகாதா?

கொடை கணக்கு · நவம்பர் 18, இரவு 11:30

நல்ல கேள்விம்மா. அப்படிச் செஞ்சா மொத்த ஓட்டம் சரியாகிடும், வெப்பமும் நெடு நேரத்துல ஓரளவு சரியா வரும். ஆனா வேகம் 100 மடங்கு குறையும். அஞ்சரை மணி நேரத்துல வர வேண்டிய தண்ணி 23 நாள் கழிச்சு வரும். உப்போ சாயமோ கலந்து பார்க்கிற கணக்கெல்லாம் இதுல கெட்டுப் போயிடும். 2 செ.மீ. தண்ணிப் பட்டை தானே வெப்பத்தைத் தேக்கி வைக்கிறதால முதல் சில மணி நேரத்து வெப்பநிலையும் தப்பும்.

சரியான வழி: விரிசலுக்கு கனமே வேண்டாம். முப்பரிமாணத்துல அது ஒரு தளம், உங்க குறுக்குவெட்டுல ஒரு கோடு. அகலம் வரைபடத்துல இருக்காது, சமன்பாட்டுல ஒரு எண்ணா இருக்கும். கோட்டு மேல ஒரே ஒரு வெப்பநிலை. தண்ணி தேக்கி வைக்கிறது, கோட்டோட ஓட்டத்துல போறது, கோட்டு வழியா கடத்தப்படறது மூணையும் அகலத்தால பெருக்கி, ரெண்டு பக்கத்துப் பாறையில இருந்து வர்ற வெப்பத்துக்குச் சமமாக்கணும். கோம்சால் மென்பொருள்ல இதுக்குத் தனி வசதியே இருக்கு. இலவசமா வேணும்னா ஓப்பன்ஜியோசிஸ், போர்பை ரெண்டுலயும் செய்யலாம்.

மெஷ்ஷை விரிசலுக்குள்ள போடறதை விட்டுட்டு, விரிசலை ஒட்டின பாறையில போடுங்க. ஒரு மணி நேரத்துல பாறைக்குள்ள வெப்பம் 6 செ.மீ.தான் நகரும். அதனால கோட்டை ஒட்டி 1 செ.மீ. எலிமென்ட் வச்சு, விலக விலகப் பெருசாக்கிக்கிட்டுப் போங்க. பலர் விரிசல்ல கஞ்சத்தனம் பண்ண முடிஞ்ச சந்தோஷத்துல பாறையிலயும் பண்ணிடறாங்க. அங்கேதான் வெப்பம் தப்பிச்சுப் போயிடுது.

ஓய்வு புவியியல் · நவம்பர் 19, காலை 6:15

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னகைட் பாறை. பல்லாவரத்துப் பாறையை ஆராய்ந்து தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் அந்தப் பாறையில் ஆனது என்பதால் அந்தப் பெயர். கொடைக்கானலில் தூண் பாறையைப் பார்த்தவர்களுக்கு இதன் விரிசல்கள் எப்படி நேர்கோடாக ஓடும் என்பது தெரியும்.

சிதையாத சார்னகைட்டில் துளை வெளி மிகக் குறைவு. தண்ணீர் அதன் உடம்பு வழியாகப் போகாது, விரிசல் வழியாகத்தான் போகும். ஆனால் அதன் மேல் நம் மலையில் சிதைந்த பாறையும் செம்மண்ணும் பல மீட்டர் கனத்துக்குக் கிடக்கின்றன. அது கடற்பஞ்சு மாதிரி. ஆக தம்பியின் குறுக்குவெட்டில் இரண்டு பொருள் வேண்டும்: மேலே நுண்துளை நிறைந்த சிதைவு மண், கீழே விரிசல் மட்டும் ஓடும் பாறை. மேல் அடுக்கில் தண்ணீரும் மண் துகளும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். துகள் சிறிது, ஓட்டம் மெது. இரண்டின் வெப்பக் கொள்ளளவையும் துளை விகிதப்படி கூட்டிப் போட்டால் போதும்.

வருடம் முழுவதும் 0.3 டிகிரிதான் ஆடுகிறது என்கிறீர்கள். ஆண்டு வெப்ப அலை தரைக்குள் ஒவ்வொரு 3 மீட்டருக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். வெளியே மாதச் சராசரி 2, 3 டிகிரி ஆடும் ஊரில் ஊற்றில் 0.3 என்றால், அந்தத் தண்ணீர் ஆறேழு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் தங்கி வருகிறது. சாதாரண நாளைப் பொறுத்தவரை அந்த நிறுவனத்தார் எழுதியது தவறில்லை. மழை நாள்தான் கேள்வி. அது தெளிகிற வரைக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள் தம்பி.

கோத்தகிரி ஊத்து · நவம்பர் 20, இரவு 8:50

ரொம்ப நன்றி. காய்ச்சச் சொல்லி வீடு வீடா சொல்லிட்டேன்.

விரிசலைக் கோடாக்கி மறுபடி ஓட்டினேன். மொத்தம் 12,000 முக்கோணம், நாலு நிமிஷத்துல முடிஞ்சது. ஆனா ஒரு இடத்துல விரிசல் வெப்பநிலை 12.9 காட்டுது. நுழையற தண்ணியே 13.4, அதுக்குக் கீழ எப்படிப் போகும்?

ஊட்டி முதலாண்டு · நவம்பர் 20, இரவு 9:20

அண்ணா, இது எனக்கும் வந்திருக்கு. ஓட்டம் கடத்தலைவிட ரொம்ப பலமா இருந்து எலிமென்ட்டும் பெருசா இருந்தா எண்கள் மேலயும் கீழயும் ஆடும். வேகம் 3 மி.மீ., எலிமென்ட் 10 செ.மீ. வச்சா பெக்லே எண் (ஓட்டம் கடத்தலைவிட எத்தனை மடங்கு பலம்னு காட்டற எண்) ஆயிரத்தைத் தாண்டுது. கோட்டு மேல அப்விண்ட் நிலைப்படுத்தலை (தண்ணி வர்ற பக்கத்து எண்ணுக்கு அதிக எடை குடுக்கிற முறை) ஆன் பண்ணுங்க, நுழைவாய்கிட்ட எலிமென்ட்டைச் சிறுசாக்குங்க. எனக்கு அதுல சரியாயிடுச்சு.

கொடை கணக்கு · நவம்பர் 20, இரவு 9:45

அதேதான். இன்னும் ரெண்டு விஷயம்.

ஒண்ணு, அகலம். 0.2ன்னு எங்கே இருந்து எடுத்தீங்க? பக்கெட் கணக்கை வச்சு எடுங்க. 15 லிட்டர் ரெண்டு நிமிஷத்துலன்னா வினாடிக்கு 0.125 லிட்டர். ஆறு மீட்டருக்குப் பிரிச்சு, அதே சரிவுல கன விதியைத் திருப்பிப் போட்டா 0.65 மி.மீ. வருது. வேகம் வினாடிக்கு 3.2 செ.மீ. இப்போ ஒரு நாள் நீளம் 29 செ.மீ. இல்லை, 10.2 மீட்டர். அகலம் மூணே கால் மடங்குதான் கூடினது, குளிர் போற தூரம் 35 மடங்கு.

ரெண்டு, சரிபார்ப்பு. லாவெரியர் தீர்வுல பாறைக்குள்ள வெப்பம் விரிசலுக்குச் செங்குத்தா மட்டும்தான் போகும். 0.2 மி.மீ. கணக்குல குளிர் விரிசல் வழியே போற தூரமும் பாறைக்குள்ள போற தூரமும் ஒண்ணாவே இருக்கு, அங்கே அந்தத் தீர்வோட ஒப்பிட்டா ஒத்து வராது. உங்க மாடல் சரியா இருந்தாலும் வராது. 0.65ல ஒப்பிடுங்க. பாறைக்கு விரிசல் திசையில கடத்துதிறனைப் பூஜ்யமாக்கி ஒரு தரம் ஓட்டுங்க. 24 மணி நேரத்துல 10.2 மீட்டர்கிட்ட 16.77 வரணும். வந்தா பூஜ்யத்தை எடுத்துட்டு உண்மையான எண்ணைப் போடுங்க.

தேவாலா · நவம்பர் 20, இரவு 10:30

ஒரு சந்தேகம். கோடா வச்சா விரிசலோட ரெண்டு பக்கத்துப் பாறைக்கும் ஒரே வெப்பநிலைன்னு ஆயிடுதே. கோடையில மேல் பகுதி காய்ஞ்சு காத்து மட்டும் இருந்தா அது சரியா?

கொடை கணக்கு · நவம்பர் 20, இரவு 10:55

சரியா பிடிச்சீங்க. 0.2 மி.மீ. தண்ணி, வெப்பத்தைத் தடுக்கிறதுல ஒரு மி.மீ. பாறைக்குக்கூடச் சமம் இல்லை. அதை விட்டுடலாம். அதே 0.2 மி.மீ. காத்து கிட்டத்தட்ட 2 செ.மீ. பாறைக்குச் சமம். காய்ஞ்ச விரிசலுக்கு ரெண்டு பக்கமும் தனித்தனி வெப்பநிலை வச்சு, நடுவுல ஒரு வெப்பத் தடையைக் குடுக்கணும். இவர் பார்க்கிறது மழை நாள் நிறைஞ்ச விரிசல்ங்கறதால இப்போதைக்குத் தேவையில்லை.

கோத்தகிரி ஊத்து · நவம்பர் 22, காலை 7:30

16.78 வந்தது!

ஆனா இப்போ எனக்குப் பெரிய குழப்பம். மழை நாள்ல மூணு மடங்கு ஓட்டம் குடுத்துப் பார்த்துட்டேன். ஆறு மணி நேரத்துல குளிர் 15 மீட்டருக்கு மேல வரவே மாட்டேங்குது. 60 மீட்டர்ல கையால போட்டா தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழு பூஜ்யம். லாகர்ல 0.6 இறங்குறது கண்ணால பார்க்கிற விஷயம். மாடலை நம்பறதா, லாகரை நம்பறதா?

ஊட்டி முதலாண்டு · நவம்பர் 22, காலை 8:10

அண்ணா, நீங்க போட்ட படத்துல ஆறு மணி நேரச் சராசரி இருக்கு. பதினஞ்சு நிமிஷ அளவை அப்படியே போட முடியுமா?

கோத்தகிரி ஊத்து · நவம்பர் 22, காலை 9:05

போட்டாச்சு, பாருங்க. நானும் இப்போதான் பார்க்கிறேன். மழை பிடிச்சு 45 நிமிஷத்துலயே வெப்பநிலை இறங்க ஆரம்பிச்சிருக்கு. தண்ணி வரத்து கூடறதுக்கு முன்னாடியே!

ஓய்வு புவியியல் · நவம்பர் 22, காலை 9:40

அப்படியானால் 60 மீட்டர் தள்ளி மேலே இறங்கின மழை அல்ல இது. ஊற்றுக்குப் பக்கத்திலேயே எதுவோ சேருகிறது. சேருகிற தண்ணீர் 13.4 டிகிரி என்று வைத்தால், 4 டிகிரி வித்தியாசத்தில் 0.6 இறக்கம் என்பது மொத்தத்தில் 15 சதவீதம். பக்கெட்டில் அது தெரியாது.

தேவாலா · நவம்பர் 22, காலை 10:15

அவசரப்பட வேண்டாம். விரிசல் முழுக்க ஒரே அகலம்னு வச்சுத்தானே இந்த முடிவு? நிஜத்துல தண்ணி அப்படிப் பரவி ஓடாது. களிமண் அடைச்ச இடம் போக, ஒரு முழ அகலத்துக்கு ஒரு வாய்க்கால் மாதிரி கிடைச்சா அதுலயே பாதி ஓடும். அதுல வெப்பம் ரொம்ப தூரம் போகும். மாடல் 'முடியாது'ன்னு சொன்னது தட்டையான விரிசலுக்கு மட்டும்தான்.

கொடை கணக்கு · நவம்பர் 22, காலை 11:00

தேவாலா சொல்றதை ஒத்துக்கிறேன். என் கணக்கால அதை மறுக்க முடியாது. அப்படி ஒரு வாய்க்கால் இருந்தா அதைச் சுத்தி வெப்பம் எல்லாத் திசையிலயும் பரவும், சுவர்ல இருந்து வர்ற வெப்பம் கூடும். ஆனாலும் 60 மீட்டர் தாண்டி வர வாய்ப்பு இருக்கு. 1970கள்ல நியூ மெக்சிகோவுல ஃபென்டன் ஹில்ல சூடான காய்ஞ்ச பாறைக்குள்ள தண்ணி செலுத்தி வெப்பம் எடுக்கப் பார்த்தாங்க. 1975ல கிரிங்கார்ட்டனும் கூட்டாளிகளும் இணையான விரிசல்களுக்குத் தீர்வு குடுத்தது அந்த மாதிரி வேலைக்காகத்தான். தண்ணி எல்லா விரிசல்லயும் பரவி ஓடினா வெப்பம் பல வருஷம் கிடைக்கும், ஒரே தடத்துல ஓடினா சீக்கிரம் குளிர்ந்துடும். அங்கே பணம் போற பிரச்சினை, இங்கே குடிதண்ணி.

அதனால இனி மாடல்ல உக்காந்து பிரயோஜனம் இல்லை. கோத்தகிரி அண்ணா, அடுத்த மழையில ஆறு மீட்டர் வெடிப்பு முழுக்க, அரை மீட்டருக்கு ஒரு தரம் தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க. தொட்டியில வேண்டாம், கசியற வாயிலேயே.

கோத்தகிரி ஊத்து · நவம்பர் 27, இரவு 11:45

இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மழை பிடிச்சது. பையனை டார்ச் பிடிக்கச் சொல்லி, குடையை அவன்கிட்ட குடுத்துட்டு நான் நனைஞ்சுக்கிட்டே எடுத்தேன்.

வலது கோடியில இருந்து அஞ்சு மீட்டர் வரைக்கும் 17.4, 17.4, 17.3, 17.4. இடது கோடி கடைசி ஒரு மீட்டர்ல 14.1. கையை வச்சாலே தெரியுது, இந்தப் பக்கம் வெதுவெதுன்னு, அந்தப் பக்கம் ஐஸ் மாதிரி. 14 மாசமா ரெண்டையும் ஒண்ணா தொட்டியில கலந்து அளந்துக்கிட்டு இருந்திருக்கேன்.

இடது கோடிக்கு நேர் மேல ஏறிப் பார்த்தேன். எட்டு மீட்டர் மேல ரோட்டோர வடிகால். அதுல ஒரு சில்வர் ஓக் வேருக்கு அடியில கை நுழையற அளவு பொந்து. வடிகால் தண்ணி அதுக்குள்ள சுழிச்சுக்கிட்டு இறங்குது. மேல மாட்டுக் கொட்டகை ரெண்டு இருக்கு. அதைப் பார்த்ததும் வயித்தைப் புரட்டிடுச்சு.

ஓய்வு புவியியல் · நவம்பர் 28, காலை 6:00

விடிந்ததும் ஒரு கிலோ கல் உப்பைக் கரைத்து அந்தப் பொந்தில் ஊற்றுங்கள். வீட்டில் தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும் அல்லவா, இடது கோடியில் ஒருவர், வலது கோடியில் ஒருவர் நின்று நிமிடத்துக்கு ஒரு தரம் குறித்துக்கொள்ளுங்கள். வேர் அழுகி விட்டுப்போன பாதை சிதைவு மண்ணில் குழாய் மாதிரியே நிற்கும். மழையில் அது பெருத்துக்கொண்டே போனால் அந்தச் சரிவுக்கே ஆகாது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் சரிந்ததைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

கோத்தகிரி ஊத்து · நவம்பர் 28, மதியம் 1:20

11 நிமிஷம். இடது கோடியில டி.டி.எஸ். 48ல இருந்து 390க்குப் போச்சு. வலது கோடியில ஒரு மணி நேரம் நின்னோம், 48லயே இருந்தது.

ஊராட்சியில சொல்லி, ஊர்க்காரங்க ஏழு பேர் சேர்ந்து பொந்தைத் தோண்டி, களிமண் திணிச்சு, வடிகாலுக்குப் பத்து மீட்டர் தூரம் சிமென்ட் போடறோம். இடது கோடித் தண்ணியைத் தொட்டியில விழாம தனியா தோட்டத்துக்குத் திருப்பியாச்சு.

கொடை கணக்கு · நவம்பர் 28, மதியம் 2:00

எட்டு மீட்டர் 11 நிமிஷத்துல. வினாடிக்கு 12 மி.மீ. தேவாலா சொன்ன வாய்க்கால் இதுதான், பாறையில இல்லாம மண்ணுல இருக்கு. எட்டு மீட்டர்ல 13.4 தண்ணி 14.1 ஆகறது பொருந்துது.

கோத்தகிரி ஊத்து · டிசம்பர் 6, இரவு 9:10

நேத்து ராத்திரி நல்ல மழை. வரத்து ஆறு மணி நேரத்துல வழக்கம் போல மூணு மடங்கு ஆச்சு. தொட்டி வெப்பநிலை 17.4லயே நின்னுச்சு, ஒரே ஒரு தரம் 17.3. தொட்டியைக் கழுவி குளோரின் போட்டாச்சு. தண்ணியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கோம், முடிவு வர்ற வரைக்கும் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

லாகரை இப்போ ரெண்டா ஆக்கிட்டேன், வலது கோடியில ஒண்ணு, இடது கோடியில ஒண்ணு. ஊட்டித் தங்கச்சி, பதினஞ்சு நிமிஷ அளவு மொத்தமும் ஒரே கோப்பா இதோட சேர்த்திருக்கேன், எடுத்துக்கோங்க.